கரண்ட் இல்லாத வாரம்: அல்சூர் நாட்குறிப்பு

மே 4, ஞாயிறு

இன்று மாலை கொட்டிய மழையில், பெங்களூர் அல்சூரில் எங்கள் கிராஸின் (குறுக்குத் தெருவின்) முனையில் நிற்கும் குல்மொகர் மரத்தின் பெரிய கிளை முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தது. கம்பிகள் ஒன்றோடொன்று உரச, டிரான்ஸ்ஃபார்மர் பலத்த ஓசையுடன் தீப்பொறி கக்கி அடங்கியது. எங்கள் வரிசை வீடுகள் அனைத்திலும் மின்சாரம் நின்றுவிட்டது. எதிர் வரிசைக்கு வேறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இணைப்பு என்பதால் அங்கே விளக்குகள் எரிகின்றன. அல்சூரில் கோடை மழைக்குக் கரண்ட் போவது புதிதன்று. ஆனால் கம்பத்தடியில் எண்ணெய் வழிந்து கிடப்பதைப் பார்த்தவுடன், ஓரிரு மணியில் தீரும் காரியம் இது அன்று என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

முதல் கவலை பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பற்றியது. நுரையீரல் நோயால் அவர் நாள் முழுவதும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் இருப்பவர். அந்த இயந்திரத்துக்கு 350 வாட் வேண்டும். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி; பெருக்கிப் பார்த்தால் 1,800 வாட்-மணி வந்தாலும், பேட்டரியை அடிவரை இறக்கக் கூடாது என்பதாலும், இன்வெர்ட்டரிலேயே கொஞ்சம் வீணாகும் என்பதாலும், மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. நல்லவேளையாக எங்களுடையது சைன் வேவ் வகை, லைன் கரண்ட்டைப் போலவே சீராக ஏறி இறங்கும் மின்சாரம் தருவது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கம்ப்ரெசர் உள்ள இயந்திரங்கள் உறுமிக்கொண்டு சூடாகும். வீட்டில் ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சமையலறைச் சன்னல் வழியாக ஓர் எக்ஸ்டென்ஷன் வயரை அவர் வீட்டுக்குக் கொடுத்தோம். அவருடைய மகன் இரவோடு இரவாக ஒரு பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்துவிட்டார். அதில் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். இன்றிரவுக்குப் பயமில்லை.

மே 5, திங்கள்

காலையில் லைன்மேன் வந்து கிளையை வெட்டி அகற்றினார். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றத்தான் வேண்டும், நகரில் பல இடங்களில் மரம் விழுந்திருப்பதால் சில நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெருமுனையில் ஷாமியானா கடை வைத்திருக்கும் திருப்பத்தூர்க்காரத் தம்பி தானாகவே எங்கள் வாசலுக்கு வந்தார். "அக்கா, 3 கேவிஏ மெஷின் ஒண்ணு கடையில சும்மாதான் கிடக்கு, எடுத்துக்குங்க. வாடகைப் பேச்சே வேண்டாம், பெட்ரோல் மட்டும் போட்டுக்குங்க" என்றார். முகூர்த்த மாதத்தில் ஜெனரேட்டர் சும்மா கிடக்காது என்பது எனக்குத் தெரியும். வாடகைக்குக் கேட்டிருந்தவர்களுக்கு இல்லையென்று சொல்லிவிட்டுத்தான் அவர் வந்திருக்கிறார்.

மழை தூறிக்கொண்டிருந்ததால், நனையாமல் இருக்கட்டும் என்று பையன்கள் அதைப் பெரியம்மா வீட்டு மாடிப்படியின் அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து, 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு மகளோடு இங்கே குடிவந்த தாத்தா ஒருவர் எங்கள் வரிசையில் இருக்கிறார். அவர் அதை உடனே வெளியே எடுக்கச் சொன்னார். என்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும், தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. சன்னல், கதவு எதிலிருந்தும் இருபது அடியாவது தள்ளித்தான் ஜெனரேட்டர் ஓட வேண்டும். காலி மனையின் ஓரத்தில் நான்கு கம்பு நட்டு, மேலே மட்டும் தார்ப்பாய் கட்டி, நான்கு பக்கமும் காற்றோட்டமாக விட்டு அங்கே வைத்தோம்.

அடுத்த பேச்சு இணைப்பைப் பற்றியது. இருபக்கமும் பிளக் வைத்த ஒரு வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகினால் வீடு முழுவதும் எரியும் என்று ஒருவர் யோசனை சொன்னார். தாத்தா குரலை உயர்த்தி நான் கேட்டது அப்போதுதான். மெயின் ஸ்விட்ச்சை அணைக்காமல் அப்படிச் செருகினால், ஜெனரேட்டரின் மின்சாரம் வீட்டைத் தாண்டி வெளிக் கம்பிக்கு ஏறும். 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், இந்தப் பக்கம் ஏறிய மின்சாரத்தை எதிர்த் திசையில் 11,000 வோல்ட்டாக உயர்த்திக் கம்பத்தில் நிற்பவரின் கைக்குக் கொடுத்துவிடும். "கீழ ஆள் இருக்கிறப்ப மேல ஸ்விட்ச்சுல கை வைக்கக் கூடாதுன்னு முப்பது வருஷம் சுரங்கத்துல படிச்சேன்மா. இங்க ஆள் மேல இருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். ஜெனரேட்டரில் இருந்து நேராக வயர் இழுத்து, வேண்டிய பொருளை மட்டும் அதில் செருகுவது என்று முடிவாயிற்று.

மே 6, செவ்வாய்

3 கேவிஏ என்றால் 3,000 வாட் என்று பலரும் நினைத்திருந்தோம். பவர் ஃபாக்டரை, அதாவது அதில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கை, 0.8 என்று வைத்தால் 2,400 வாட்தான். அதிலும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரெசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், நான்கு ஃப்ரிட்ஜ்களை ஒரே நேரத்தில் போட முடியாது. ஆகவே வரிசை வகுத்துக்கொண்டோம். கான்சென்ட்ரேட்டருக்கு எப்போதும் முதலிடம்; அதை யாரும் பேச்சுக்கே எடுக்கவில்லை. பிறகு ஃப்ரிட்ஜ்கள் முறை வைத்து ஒவ்வொரு மணி நேரம். கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும் என்பதால் அது போதும். கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டுக்கும் இடமில்லை.

மூன்றாம் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பையன் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு நின்றான். இரண்டும் சேர்ந்து 100 வாட் தாண்டாது. அவனுடைய பிழைப்பும் ஒரு தேவைதான் என்று நான் உறுதியாகச் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை. இட்லி மாவு அரைக்க வேண்டிய வீடுகளுக்கு மாலை நான்கு மணி, ஒருவர் முடித்தபின் அடுத்தவர்.

ஓடும் நேரத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல் ஆகிறது. டாங்க்கை நிரப்பும் பொறுப்பைத் தாத்தா தானே எடுத்துக்கொண்டார். மெஷினை அணைத்து, சூடு ஆறக் கால் மணி நேரம் காத்திருந்து, பிறகுதான் மூடியைத் திறக்கிறார். அந்தக் கால் மணி நேரம் பெரியம்மாவுக்குச் சிலிண்டர்.

காத்திருக்கையில் அவர் சிவனசமுத்திரத்தைப் பற்றிச் சொன்னார். 1902-இல் காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பியில் ஓடி முதலில் தங்கவயல் சுரங்கத்துக்குத்தான் போயிற்று. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1905 ஆகஸ்ட் 5 அன்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில் கூண்டை இறக்குவதும் ஏற்றுவதும் அந்தக் கம்பியை நம்பித்தான் என்று அவர் சொன்னபோது, நேற்று அவர் ஏன் குரலை உயர்த்தினார் என்பது எனக்கு நன்றாக விளங்கிற்று.

மே 7, புதன்

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் எங்கள் வரிசையில் இருவர். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். முறை வைத்து ஓடும் ஃப்ரிட்ஜை அதற்கு நம்புவது சரியில்லை. எதிர் வீட்டுக் கன்னடக்கார அம்மா தங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டை முழுவதுமாக ஒழித்துக் கொடுத்து, பெயர் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். நேரம் பார்க்காமல் கதவைத் தட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

மே 8, வியாழன்

இன்றுதான் தண்ணீர்க் கஷ்டம் முற்றியது. காவிரித் தண்ணீர் வந்து சம்ப் (தரைக்கடித் தொட்டி) நிறைந்திருக்கிறது, மேல் தொட்டி காலி. 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 750 வாட் என்றாலும், கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். கான்சென்ட்ரேட்டர் ஓடும் அதே மெஷினில் அதைப் போட்டு, வோல்ட்டேஜ் விழுந்து, மெஷினே நின்றுபோனால் என்ன செய்வது? ஆகவே பெரியம்மாவை அரை மணி நேரம் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மோட்டாரை மட்டும் தனியாகப் போட்டோம். என்ஜின் ஒரு கணம் திணறி, சுருதி இறங்கி, பிறகு நிமிர்ந்து ஓடியது. அந்த ஓட்டத்தில் இரண்டு வீட்டுத் தொட்டிதான் நிறைந்தது. மற்றவர்கள் கயிறு கட்டிய வாளியால் சம்பிலிருந்து சேந்திக்கொண்டார்கள். பையன்கள் இரண்டாம் மாடி வரை குடம் சுமந்தார்கள்.

நாளை மாலை ஒரு கல்யாணத்துக்கு ஜெனரேட்டரைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஷாமியானாத் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். முன்பணம் வாங்கிய வாக்கு அது; இத்தனை நாள் கொடுத்ததே பெரிது. செய்தி கேட்ட எதிர் வீட்டார், தங்கள் வீட்டிலிருந்து ஒரு வயரைத் தெருவைக் கடந்து இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தாத்தா 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் வாங்கிவரச் சொல்லி, பால் லாரி போனாலும் தட்டாத உயரத்தில் மாடிக்கு மாடி கயிறு கட்டி, பாரம் முழுவதும் கயிற்றின் மேல் விழும்படி கேபிளை அதில் முடிந்தார். அவர்கள் பக்கத்தில், கரண்ட் அளவு மீறினால் தானாக அணைந்துவிடும் தனி எம்சிபி ஸ்விட்ச் ஒன்று வைத்தாயிற்று. கான்சென்ட்ரேட்டரையும் ஒரு விளக்கையும் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

மே 9, வெள்ளி

பிற்பகலில் கிரேன் லாரியில் புதிய டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. லைன்மேன்கள் மேலே ஏறுவதற்கு முன் தாத்தா ஒவ்வொரு வீடாகப் போய், மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். வேலை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மெயினைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) சரியாகப் பிடிக்காமல் இருந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை வந்து வீட்டுப் பொருள்களை எரித்துவிடும். அவர் வீட்டில் மீட்டர் வைத்து அளந்து, சரியென்று கையசைத்த பிறகு, வீடு வீடாகப் போட்டோம். பெரியம்மா கடைசியாகத்தான் எதிர் வீட்டு வயரிலிருந்து மாறினார். அரை மணி நேரம் வோல்ட்டேஜ் நிலையாக நின்றதைப் பார்த்த பிறகுதான் நான் அதற்குச் சம்மதித்தேன்.

மே 10, சனி

பெட்ரோல் செலவை வீட்டுக்கு வீடு பங்கிட்டுக்கொண்டோம். தாத்தாவிடமும் பெரியம்மா வீட்டிலும் வாங்குவதில்லை என்று மற்றவர்கள் முன்பே பேசி வைத்திருந்தார்கள். எதிர் வீட்டு மின்கட்டணத்தில் எங்கள் பங்கைக் கொடுக்கப் போனேன்; அந்த அம்மா வாங்க மறுத்து, பிரிக்காத இன்சுலின் பெட்டிகளை எடுத்துக்கொடுத்தார். கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய ஜெனரேட்டரைத் தம்பி பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் மிச்சமிருந்தது தீரும்வரை ஓடவிட்டு அணைத்தார். பெட்ரோல் தங்கினால் பிசின் பிடித்து அடுத்த முறை கிளம்பாதாம். மழைக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை. பெரியம்மா வீட்டில், வெளிக் கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றோடு மட்டும் வீட்டை இணைக்கும் ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் பொருத்துவதற்கு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம்; எந்த வகை வேண்டும் என்பதைத் தாத்தா ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்.