'னு'வுக்கு முன்னால் இருப்பது

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பதுதான் என் பிழைப்பு. எழுத்தில் ஒப்புதல் வாங்கிய ஒட்டுக்கேட்டல்தான், பயப்படாதீர்கள். பெரியவர்களின் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கொடுக்கப் பழகுகிறவர்களுக்கு நான் சூப்பர்வைசர். செஷனைப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஐம்பது நிமிடப் பதிவுக்கு மார்க் போட எனக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டு... காது சூடாகிவிடும்.

மார்க் போட ஓர் அளவுகோல் உண்டு. சிடிஎஸ்-ஆர் என்போம். உளவியலாளர் யங்கும், இந்த சிகிச்சையை உருவாக்கிய பெக்கும் 1980-ல் உருவாக்கியதைத் திருத்தி 2001-ல் வெளியிட்ட வடிவம். 12 தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, ஆக மொத்தம் 72. 36 எடுத்தால் தேறிவிட்டதாகப் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். பாதி மார்க்தானே என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். என் முதல் பதிவுக்கு எனக்குக் கிடைத்தது 27. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வகுப்பின் முதல் நாள் அதைத்தான் மேஜைமேல் போடுவேன், சிரிப்பு நின்றுவிடும்.

27 வந்ததற்குக் காரணம் நான் நன்றாக வாதாடியதுதான். எதிரே இருந்தவர் "நான் யாருக்கும் தேவையில்ல" என்றார். (வார்த்தைகளை மாற்றித்தான் எழுதுகிறேன்.) எனக்குள் இருந்த வக்கீல் எழுந்துவிட்டார்.

"போன வாரம் உங்க அக்கா ஃபோன் பண்ணாங்கதானே?"

"ஆமா."

"அக்கறை இல்லாம பண்ணுவாங்களா?"

"ம்... மாட்டாங்க மேடம்."

சூப்பர்விஷனில் இந்த இடம் வந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் சூப்பர்வைசர் பதிவை நிறுத்தினார். பின்னால் தள்ளினார். அந்த 'ம்' வந்ததும் மறுபடி நிறுத்தினார். "இதைக் கேட்டீங்களா?" என்றார். கேட்கவே இல்லை. அறையில் சிகிச்சைக்கு வந்தவருக்கு எதிரே மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தும் அந்த 'ம்' என் காதில் விழவில்லை. கேஸை ஜெயிக்கிற அவசரம். அவர் அன்று என்னிடம் தோற்றுவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை.

இந்த சிகிச்சை பிறந்ததே ஒருவர் காதுகொடுத்துக் கேட்டதால்தான் என்பதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கும். ஆரன் பெக் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1960-களில், நோயாளிகள் வாயால் சொல்லிக்கொண்டிருக்கும் கதைக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ஒரு பெண் தன் சொந்த வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அடியில் 'இவருக்கு நான் போரடிக்கிறேனோ' என்று ஓடுகிறது. அவருடைய பதற்றம் அந்த அடிப்பேச்சிலிருந்துதான் வந்தது. அதைத்தான் தானாக எழும் எண்ணம் என்கிறோம்.

அதை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் தமிழில் வேலை செய்கிறவர்கள் ஒரு குழியில் விழுகிறார்கள். ஆங்கிலப் பாடத்தில் இருக்கும் கேள்வியை மனதுக்குள் மொழிபெயர்த்து, "அப்ப என்ன நினைச்சீங்க?" என்று கேட்பார்கள். பதில் அநேகமாக "ஒண்ணும் நினைக்கலையே" என்றே வரும். பொய்யில்லை. நினைப்பது என்றால் உட்கார்ந்து செய்கிற காரியம் என்றுதான் நம் காதில் விழுகிறது. "மனசுல என்ன ஓடுச்சு?", "சட்டுனு என்ன தோணுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கொட்டும். தோன்றுவது என்ற சொல்லிலேயே 'தானாக' இருக்கிறது. தனியாக ஒரு கலைச்சொல் செய்திருக்கவே வேண்டாம்.

'ஏன்' இன்னும் மோசம். "ஏன் வெளிய போகல?" என்றால் வாத்தியார் முன்னால் நிற்கிற பையன்போல ஒரு சாக்கு வரும். "கிளம்பலாம்னு செருப்பு மாட்டினீங்க இல்ல, அப்ப என்ன ஓடுச்சு?" என்றால் எண்ணம் வரும்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி 'னு'. ஒருவர் "பயமா இருந்துச்சு" என்கிறார். ட்ரெய்னி, உணர்ச்சியையும் எண்ணத்தையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதும் எண்ணப் பதிவுத்தாளில், 'பயம்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்கு என்ன எழுதுவது என்று முழிக்கிறார். "என்னன்னு பயம்?" என்று ஒரே ஒரு கேள்வி. "மயங்கி விழுந்துடுவேன்னு." தீர்ந்தது. 'னு'வுக்கு முன்னால் இருப்பது எண்ணம், பின்னால் இருப்பது உணர்ச்சி. இரண்டையும் பிரித்துக் காட்ட நாங்கள் பவர்பாயிண்டில் என்னென்னவோ படம் போடுகிறோம், நம் மொழி அதை ஒரே எழுத்தில் வைத்திருக்கிறது.

மயங்கி விழுவது என்றதும் மூச்சுப் பயிற்சி வகுப்பு ஞாபகம் வருகிறது. திடீர் பீதி பற்றி உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் சொன்ன விளக்கம் எல்லோருக்கும் மனப்பாடம்: உடம்பில் வரும் சாதாரண மாற்றத்தை ஆபத்து என்று தப்பாகப் படிக்கிறோம், பயம் கூடுகிறது, பயத்தால் மாற்றமும் கூடுகிறது. மனப்பாடம் போதாது, நீங்களே செய்து பாருங்கள் என்பேன். இதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விட வேண்டும். அதற்கு முன்னால் தாளில் எழுத வேண்டும்: என்ன ஆகும் என்று தோன்றுகிறது, அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன். 'ஒண்ணும் ஆகாது' என்று பக்கத்தில் இருப்பவர் ஆறுதல் சொல்லக்கூடாது. சொன்னால் சோதனை செத்தது.

அரை நிமிடத்திலேயே விரல் நுனி மதமதவென்று ஆகும், தலை கிறுகிறுக்கும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதுதான் காரணம், அதுவும் எல்லோருக்கும் தெரியும். ஒரு வகுப்பில், பாதுகாப்புக்காகச் செய்யும் காரியங்கள் எப்படி பயத்தை உயிரோடு வைத்திருக்கின்றன என்று சற்று முன்புதான் அழகாக விளக்கிய பெண், இடது கையால் நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். முடிந்ததும் "விழல மேடம்" என்றார். "நாற்காலியால விழலையா, தானா விழலையா?" என்றேன். குனிந்து தன் கையைப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டாம் முறை செய்தார். அன்று நான் பேச வேண்டியிருந்த ஒரு மணி நேர விரிவுரையை ரத்து செய்துவிட்டேன்.

இரண்டு நாள் பட்டறை, கையில் சான்றிதழ் என்று வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், மறைக்கவில்லை. பட்டறையில் வரும் திறமை, பிறகு யாராவது பதிவைக் கேட்டுத் திருத்தாவிட்டால் கரைந்துவிடும். இங்கிலாந்தில் 2008-ல் இந்த சிகிச்சையைப் பொதுச் சுகாதாரச் சேவையில் பெரிய அளவில் கொண்டுவந்தபோது, வாரத்தில் சில நாள் வகுப்பு, மீதி நாள் கிளினிக், வாராவாரம் சூப்பர்விஷன் என்று ஏறக்குறைய ஒரு வருடப் பயிற்சியாக அமைத்தார்கள். ஒவ்வொரு செஷனிலும் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9, பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 கேள்வித்தாள்களை நிரப்ப வைத்ததும் அங்கேதான் வழக்கமாயிற்று.

பிஎச்க்யூ-9 பற்றி ஒன்று. 9 கேள்விகள், மொத்தம் 27. ட்ரெய்னிகள் கூட்டிப் போட்டு "11, மிதமானது" என்று நகர்ந்துவிடுவார்கள். நான் கூட்டுத்தொகையைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் 9-வது கேள்வி. செத்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் அதில்தான் இருக்கிறது. அங்கே 0 தவிர எது இருந்தாலும் அன்றைய அஜெண்டா மாறியாக வேண்டும். இதில் மட்டும் நான் கறார். மார்க் பேச்சே கிடையாது, உடனே ஃபோன்தான்.

அடுத்தவர் பதிவைக் கேட்டுக்கொண்டே இருந்தால் தன் காது மந்தமாகிவிடும் என்பதால், வருடத்துக்கு ஒருமுறை என் பதிவு ஒன்றை சக சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுவேன். அவர் தாட்சண்யம் பார்க்கிற ஆள் இல்லை. இந்த முறை 45 போட்டிருந்தார். 31-வது நிமிடத்துக்கு நேராகப் பென்சிலில், 'இங்கே நீங்கள் பேசியிருக்க வேண்டாம்' என்று ஒரு குறிப்பு. தள்ளிப் போட்டுக் கேட்டேன். அந்தப் பெண்மணி "அதில்ல மேடம், வந்து..." என்று நிறுத்துகிறார். நான்கு வினாடி. உடனே என் குரல், கனிவாக, தெளிவாக, அவருக்காக வாக்கியத்தை முடித்து வைக்கிறது. "ம், ஆமா" என்கிறார் அவர்.