ஈய உலைப் புகையும் இசைவாணையும்: ஒரு மனுவின் பயணம்

எங்கள் ஊராட்சியின் எல்லையை ஒட்டிய சிறு தொழிற்பேட்டையில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கி எடுக்கும் ஆலை ஒன்று இயங்குகிறது. அதன் புகை குறித்து நாங்கள் முதல் மனுவைக் கொடுத்ததிலிருந்து, உலை நிறுத்தப்பட்டு, திருத்தங்களுக்குப் பின் மீண்டும் இயங்கத் தொடங்கியது வரை நடந்தவற்றை எழுதுகிறேன். ஆலையின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் வேறு எந்த ஊரில் இதே சிக்கல் எழுந்தாலும் சட்டமும் அலுவலகப் படிகளும் ஏறத்தாழ இவைதான் என்பதால், பெயர்கள் இல்லாமலேயே இது பிறருக்குப் பயன்படும்.

எங்கள் தெருக்களில் மக்கள் சொன்ன புகார் ஒன்றுதான்: நள்ளிரவுக்குப் பின் மூக்கை அரிக்கும் நெடி, விடியற்காலையில் தொண்டைக் கரகரப்பு. பேட்டரிக் கழிவில் ஈய சல்பேட் இருப்பதால் உருக்கும்போது கந்தக டை ஆக்சைடு வெளியேறுகிறது, நெடி அதனுடையது. ஆனால் உண்மையில் அஞ்ச வேண்டிய ஈயப் புகைக்கு மணமே கிடையாது. அது மிக நுண்ணிய துகளாகக் காற்றில் கலந்து, மண்ணிலும் கூரையிலும் படிந்து, அங்கேயே தங்கிவிடும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நெடி இல்லாத இரவுகளிலும் ஈயம் வந்துகொண்டிருக்கலாம் என்பதை ஊர்க் கூட்டத்தில் விளக்குவதே எங்களுக்கு முதல் வேலையாக இருந்தது.

முதல் மனுவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தோம். ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் எழுதப்படும் மனுதான் அது: புகையால் மூச்சுத்திணறல், குழந்தைகள் பாதிப்பு, ஆலையை உடனே மூட வேண்டும், கீழே கையொப்பங்கள். மனு எண் கிடைத்தது. அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்பப்பட்டது. உதவிப் பொறியாளர் ஒருவர் முற்பகலில் நேரில் வந்து பார்த்தார். எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம், "இப்ப நாத்தம் அடிக்குதாம்மா?" என்று கேட்டார். "இப்ப இல்ல சார், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல வந்து பாருங்க" என்றார் பெரியம்மா. ஆய்வு நேரத்தில் நெடி உணரப்படவில்லை என்று பதில் கடிதம் வந்தது. அது உண்மையான பதில்தான். பகலில் தரை சூடேறிக் காற்று மேலே எழும்புவதால் புகையும் உயரே போய்க் கலைந்துவிடும். பின்னிரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன் மேல் வெப்பமான அடுக்கு மூடியாக நிற்கும்போதுதான் புகை தாழ்ந்து ஊருக்குள் தவழ்கிறது. முற்பகலில் வருபவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

அடுத்ததாக, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியத்தின் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்பினோம். கேட்டவை மூன்று: ஆலைக்கு 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழ் வழங்கப்பட்ட இசைவாணையின் (நிபந்தனைகளோடு ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) நகல், கடந்த ஆய்வுகளின் அறிக்கைகள், புகைபோக்கியில் எடுத்த மாதிரிகளின் ஆய்வக முடிவுகள். வணிக இரகசியம் என்று ஆலைத் தரப்பு ஆட்சேபித்தது. மூன்றாம் தரப்பின் கருத்தைக் கேட்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் முடிவு தகவல் அலுவலருடையது. காற்றில் என்ன விடலாம் என்று அரசு விதித்த நிபந்தனை எவருடைய இரகசியமும் ஆகாது என்பதால் நகல்கள் எங்கள் கைக்கு வந்தன. ஆட்சேபணை வந்தால் வழக்கமான 30 நாள் கெடு 40 நாள் வரை நீளும் என்பதை அறிந்திருந்தால் இடையில் பதறத் தேவையில்லை.

இசைவாணையைப் படித்த அன்றுதான் இந்த விவகாரம் வேறு தளத்துக்கு நகர்ந்தது. அது நெருக்கமான எழுத்தில் பல பக்கங்கள், முதற்பார்வைக்குச் சலிப்பூட்டும். ஆனால் அதற்குள் ஆலை எப்படி இயங்க வேண்டும் என்பது வரிவரியாக எழுதப்பட்டிருக்கிறது: எத்தனை உலைகள், நாளொன்றுக்கு எவ்வளவு ஈயம், என்ன எரிபொருள், எந்தப் புகை எந்தக் கருவி வழியாக எத்தனை மீட்டர் உயரப் புகைபோக்கிக்குப் போக வேண்டும் என்பவை எல்லாம். எங்களுடைய ஆலைக்குச் சுழல் உலை, அதன் வாய்க்கு மேல் புகையை உறிஞ்சும் கூடாரம், பிறகு துணிப்பை வடிகட்டி, பிறகு புகையை நீர்மம் தெளித்துக் கழுவும் ஸ்க்ரப்பர் என்ற வரிசை குறிக்கப்பட்டிருந்தது. உலையில் சரக்கு ஏற்றும்போதும் உருகிய ஈயத்தை வடிக்கும்போதும் வாய் திறந்திருக்கும். அந்தச் சில நிமிடங்களில் கூடாரமும் உறிஞ்சு விசிறியும் சரியாக இல்லையென்றால் புகை புகைபோக்கிக்குப் போகாமல் கொட்டகையின் பக்கவாட்டு வழியாகவே வெளியேறும். புகைபோக்கியில் எத்தனை முறை மாதிரி எடுத்தாலும் அது அகப்படாது.

இன்னொரு நிபந்தனை எங்கள் கண்ணை நிறுத்தியது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கெனத் தனி மின்மீட்டர் பொருத்தி, அதன் அளவைத் தினமும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. விசிறியும் பம்பும் மின்சாரம் தின்பவை. செலவை மிச்சப்படுத்த நினைப்பவர் முதலில் அணைப்பது அவற்றைத்தான். உலையில் எத்தனை சுற்று சரக்கு ஏறியது என்ற உற்பத்திப் பதிவேட்டையும் இந்த மீட்டர் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரவில் கருவிகள் ஓடினவா என்பது யாரும் மோந்து பார்க்காமலே தெரிந்துவிடும்.

இதற்கிடையே நெடிப் பதிவேடு ஒன்றும் எழுதத் தொடங்கியிருந்தோம். இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. கடலூர் சிப்காட் பகுதி மக்கள் 2004ஆம் ஆண்டு வாக்கிலேயே நெடியை நாள், நேர வாரியாகக் குறித்துவைத்ததோடு, வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்று மாதிரியும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியவர்கள். மாதிரி எடுக்கும் வழியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. உமிழ்வு மாதிரியை வாரியம் எப்படி எடுத்து, ஆலைக்கு அறிவித்து, முத்திரையிட்டு அனுப்ப வேண்டும் என்று காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு விரிவாகச் சொல்கிறது. நம்முடைய மாதிரி அந்தச் சான்றின் இடத்தைப் பிடிக்காது என்று கருதினோம். பதிவேட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம், காற்றின் திசை, எழுதியவர் பெயர் ஆகியவை மட்டும். திசையறிய மொட்டை மாடிக் கம்பியில் ஒரு பருத்தித் துணிக் கீற்றைக் கட்டினோம். பால் கறக்க எழுபவர்கள், இரவுப் பணி முடித்து வருபவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று விழித்திருப்பவர்களே எழுதினார்கள். கோபம், வசவு, ஊகம் எதையும் அதில் எழுதக்கூடாது என்பதைக் கண்டிப்பாக வைத்திருந்தோம். நெடியே இல்லாத இரவுகளையும் எழுதினோம். அந்த வெற்று இரவுகள்தான் பதிவேட்டை நம்பத்தக்கதாக்கின என்பது என் எண்ணம்.

இரண்டாவது மனுவில் "ஆலையை மூடுங்கள்" என்ற சொல் இல்லை. இசைவாணையின் நிபந்தனை எண்களைக் குறித்து, குறிப்பிட்ட தேதிகளின் மீட்டர் பதிவையும் உற்பத்திப் பதிவையும் ஒப்பிட வேண்டும், சரக்கு ஏற்றும் நேரத்தில் இரவு ஆய்வு நடத்த வேண்டும், ஊருக்குள் காற்றில் ஈயத்தை அளக்க வேண்டும் என்று கேட்டோம். நெடிப் பதிவேட்டின் நகலையும் கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் இணைத்தோம். கிராம சபைத் தீர்மானத்தால் ஆலையை நிறுத்த முடியாது. ஆனால் இது நான்கு பேரின் தனிப்பட்ட பகை என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. அந்தப் பேச்சு வரத்தான் செய்தது.

இரவு ஆய்வுக்கு வந்தவர்கள் முன்னறிவிப்பின்றி வந்தார்கள். உலை வாயில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. கூடாரத்தின் ஒரு பக்கத் தகடு கழற்றப்பட்டு, இணைப்புக் குழாய் பிரிந்து கிடந்தது. ஸ்க்ரப்பர் பம்பு ஓடவில்லை. மீட்டர் பதிவேட்டில் பல நாள்களின் எண்கள் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், ஒரே அமர்வில் எழுதப்பட்டவைபோல் இருந்தன என்று பின்னர் நாங்கள் பெற்ற அறிக்கையில் குறிக்கப்பட்டிருந்தது.

காற்று அளவீடு தனிக்கதை. மாதிரிக் கருவியை வைக்கத் திறந்த மாடியும் 24 மணி நேர மின்சாரமும் வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் மாடியைக் கொடுத்தார். கருவி இரவு முழுக்க மாவு மில்லைப் போல இரைந்தது. அந்த வீட்டார் தூங்கவேயில்லை. வெள்ளையாகப் போட்ட வடிதாள் மறுநாள் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. அந்த நிறத்தைக் கண்டதும் வழக்கு முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். தாளின் நிறம் தூசியைத்தான் சொல்லும், ஈயத்தை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவுகளின்படி ஒரு கன மீட்டர் காற்றில் ஈயம் 24 மணி நேரச் சராசரியாக 1 மைக்ரோகிராமையும், ஆண்டுச் சராசரியாக 0.5 மைக்ரோகிராமையும் தாண்டக்கூடாது. எங்கள் மாடியில் எடுத்த மாதிரி வரம்புக்குள்ளேயே வந்தது. ஊரில் பெரும் ஏமாற்றம். உலை சில மணி நேரம் மட்டுமே வாய் திறக்கும் ஆலையில், ஒரு நாள் முழுவதற்குமான சராசரி அந்த மணி நேரங்களைக் கரைத்துவிடும் என்பதைப் பலருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டுச் சராசரி சொல்ல வேண்டுமானால் அதே இடத்தில் வாரம் இருமுறையாகக் குறைந்தது 104 அளவீடுகள் வேண்டும். இத்தனைக்கும் ஈயம் அந்தப் பட்டியலில் உள்ள 12 மாசுகளில் ஒன்று. பட்டியலிலேயே இல்லாத நச்சு வாயுவோடு வாழும் ஊர்களுக்கு, ஊர்க் காற்றில் எடுக்கும் அளவீடு இதைவிடக் குறைவாகவே உதவும்.

ஆனாலும் நடவடிக்கை வந்தது. அதற்குக் காரணம் காற்றின் எண் அன்று, மீறப்பட்ட நிபந்தனைகள். முதலில் விளக்கம் கேட்கும் அறிவிப்பு, ஆலையின் பதில், பின்னர் அதே காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 31அ பிரிவின் கீழ் உலையை நிறுத்தவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவு. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவுதான் நீதிமன்றம் போகாமலே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை வாரியத்துக்குத் தருகிறது.

உலை நின்ற காலம் ஊருக்குள் எளிதாக இருக்கவில்லை. ஆலையில் வேலை செய்தவர்களில் எங்கள் தெருக்காரர்களும் உண்டு. அவர்கள் வீட்டு வாசலைக் கடந்து போவதே சங்கடமாயிற்று. எல்லோரையும்விட அதிக ஈயத்தைச் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் ஈய நச்சு இருந்தது. ஆகவே தொழிலாளர்களுக்கு இரத்தப் பரிசோதனை கோரித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தனி மனு கொடுத்தோம். அதன் பிறகுதான் அவர்களில் சிலர் எங்களோடு பேசினார்கள். கழற்றிய தகட்டைப் பற்றி, சரக்கு ஏற்றும்போது அது இடித்ததால்தான் எடுத்தோம் என்று விளக்கியவரும் அவர்களில் ஒருவரே. கூடாரம் மறுபடி கட்டப்பட்டபோது அதன் அமைப்பே மாற்றப்பட்டதற்கு அந்த ஒரு வாக்கியம் காரணம் என்று நம்புகிறேன்.

சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்குப் போகலாம் என்று இடையில் பலர் வற்புறுத்தினார்கள். போகக்கூடிய வழிதான். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் வழக்குக் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். போதிய காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். எனவே எல்லாக் கடிதங்களையும் ஒப்புகைச் சீட்டுடன் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தோம். கடைசிவரை அந்தக் கோப்பைப் பயன்படுத்தத் தேவைப்படவில்லை.

ஆலை இப்போது இயங்குகிறது. புதிய கூடாரம், மூடிய கொட்டகை, பூட்டு முத்திரையிட்ட தனி மீட்டர் ஆகியவை நிபந்தனைகள். ஆலை வாசலில் உமிழ்வு விவரங்களைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டிருந்தது; முன்பு அந்தப் பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் இருந்தது, இப்போது மாதந்தோறும் தேதி மாறுகிறது. நெடி அறவே நின்றுவிடவில்லை. பதிவேட்டில் வெற்று இரவுகள் கூடியிருக்கின்றன. இசைவாணை புதுப்பிப்புக்கு வரும்போது பரிசீலிக்க வேண்டும் என்ற கடிதத்துடன் அந்தப் பதிவேட்டின் நகலைச் சென்ற வாரம் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறோம்.