முதல் பனி: டர்பனிலிருந்து மலையேற்ற நாட்குறிப்பு

மே 24
தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரின் உச்சிகளில் இப்பருவத்தின் முதல் பனி விழுந்துவிட்டது. ஜூனில் எங்களோடு மலையேற வரும் அக்கா மகன், "மூன்று அங்குலப் பனிதானே மாமா, அதில் சரிவதற்கு என்ன இருக்கிறது?" என்றான். எனக்கோ அந்த மெல்லிய பனிதான் கவலை. தரை 0 பாகை செல்சியஸை ஒட்டியிருக்க, மேலே இரவுக் காற்று கடுங்குளிராகும்போது, நீராவி பனியினூடே மேலேறி, அடித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத சீனிக் குருணைகளாக மாற்றிவிடுகிறது. பனி மெலிதாக இருந்தால் இது விரைந்து நடக்கும். அடுத்த பனி அந்தக் குருணையின்மேல்தான் அமரும்.

மே 26
பனிச்சரிவு எப்படித் தொடங்கும் என்று அக்கா மகனுக்குச் சமையலறையில் செய்துகாட்டினேன். தட்டில் சீனியைப் பரப்பி, அதன்மேல் மாவைக் கொட்டி அமுக்கி, மெல்லச் சாய்த்தோம். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு மாவின் குறுக்கே மயிரிழைபோல ஒரு கீறல் ஓடியது, மறுகணமே மாவு ஒரே பலகையாக வழுக்கி மேசையில் விழுந்தது. மலையிலும் இத்தகைய பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் நிகழ்கின்றன. ஏறுவதற்கு நமக்குப் பிடித்த சாய்வும் அதுவே.

ஜூன் 8
ஆல்ப்ஸ் மலைக்காக எழுதப்பட்ட கையேடுகள் வடக்கு நோக்கிய சரிவுகளில் கவனம் தேவை என்கின்றன. தென்கோளத்தில் இருக்கும் நமக்கு வெயில் வடக்கிலிருந்து வருவதால், நிழலும் பழம்பனியும் தங்குவது தெற்குச் சரிவுகளில். இதைத் திருப்பிப் படிக்காதவர் தவறான பக்கத்தில் ஏறுவார். மேலைக்காற்று, மேற்கே உள்ள லெசோத்தோ நாட்டின் மேட்டுநிலப் பனியை விளிம்புக்கு அப்பால் தள்ளி, கிழக்குப் பக்கப் பாறைப் பிளவுகளின் மேல்முனையில் குவிப்பதையும் குழுவினரிடம் சொன்னேன்.

ஜூன் 15
பிளவின் வாயில் நடைக்கோலை ஊன்றினேன். மேலே கெட்டி, கீழே தடையின்றி இறங்கியது. அடியிலிருந்து அள்ளிய துகள்கள் விரலிடுக்கில் உதிர்ந்தன. புதைந்தவர்களில் பெரும்பாலோரை முதல் 15 நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால்தான் உயிரோடு மீட்க முடியும்; எங்களிடமோ புதைந்தவரைக் கண்டறியும் வானொலிக் கருவியான டிரான்ஸீவரும் இல்லை, துழாவுகோலும் இல்லை, மண்வாரியும் இல்லை. மெல்லிய பனியில் பாறைகள் மூடப்படாமல் நிற்பதால், சிறு பனிச்சரிவு இழுத்தாலும் எலும்பு மிஞ்சாது.

"மாமா, இது அந்தத் தட்டுதான்," என்றான் மருமகன். ஒருவர்பின் ஒருவராக, இடைவெளி விட்டு, வந்த தடத்திலேயே இறங்கினோம்.