கோலப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு: நாலடிக் கட்டமும் 45 நிமிடமும்

மார்கழி பிறந்தால் குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி, ஊர்ப் பொங்கல் விழாக் குழு என்று ஆளாளுக்குக் கோலப் போட்டி அறிவிப்பார்கள். மயிலாப்பூரில் ஜனவரி விழாவையொட்டி வடக்கு மாட வீதியில் நடப்பது பலருக்கும் தெரிந்த போட்டி. பெரிய விழாவானாலும் தெருமுனைப் போட்டியானாலும் உங்களுக்குக் கிடைப்பது சாக்பீஸில் கோடு போட்ட ஒரு கட்டம், கொஞ்ச நேரம், அக்கம்பக்கத்தில் ஆட்கள். வீட்டு வாசலில் அழகாகப் போடுகிறவர்கள் இங்கே திணறுவதற்குக் காரணம் இந்த மூன்றும்தான். பரிசு கைநழுவுவது பெரும்பாலும் புள்ளி வைக்கும்போது. இழை இழுக்கும்போது அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பெயர் கொடுக்கும்போதே நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டம் எத்தனை அடி? எவ்வளவு நேரம்? எந்தப் பிரிவு: புள்ளிக் கோலமா, புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து போகும் சிக்குக் கோலமா, ரங்கோலியா? எதற்கெல்லாம் தடை? சாக்பீஸ், ஸ்கேல், அச்சுத் தட்டு, துளையிட்ட கோலக் குழாய் ஆகியவற்றைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. சில இடங்களில் அரிசி மாவு மட்டும்தான், கலர் கூடாது. புள்ளிக் கோலப் பிரிவில் பேர் கொடுத்துவிட்டு, நடுவில் பொங்கல் பானையை வரைந்து கலர் கொட்டினால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் நடுவர் அதைத் தள்ளி வைக்கத்தான் வேண்டும்.

கட்டம் நாலுக்கு நாலு அடி, நேரம் 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கோலம் போடலாம்? என் தேர்வு 15 புள்ளி, இடைப்புள்ளி (ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் வருவது), 8-ல் நிறுத்துவது. நடு வரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8 வரை. மொத்தம் 169 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம் விட்டால் நடு வரிசையின் நீளம் 42 அங்குலம். கட்டம் 48 அங்குலம் என்பதால் இரு பக்கமும் 3 அங்குலம் மிச்சம், அதில் ஒரு பார்டர் போடலாம். அதே கோலத்துக்கு 3½ அங்குலம் விட்டால் 49 அங்குலம் ஆகிவிடும், கட்டத்துக்கு வெளியே போகும். அரை அங்குலத்தில் ஆட்டம் மாறிவிடுகிறது.

21 புள்ளி, 11 வரை போட ஆசை வரும். அதில் 331 புள்ளி, வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே கட்டத்தில் அடக்க வேண்டுமானால் இடைவெளி 2¼ அங்குலத்துக்கு இறங்கும். அவ்வளவு நெருக்கத்தில் இதழுக்குள் இன்னொரு இழை ஓட்ட முடியாது, தாமரை எல்லாம் பூசினாற்போல் இருக்கும். நடுவர் புள்ளியை எண்ணி மார்க் போடுவதில்லை. நேர்த்தியாக முடிந்த 15 புள்ளிக்கு முன்னால் அரைகுறை 21 புள்ளி நிற்காது.

ஸ்கேல் இல்லாமல் 3 அங்குலத்தை எப்படிப் பிடிப்பது? கட்டைவிரலை விட்டுவிட்டு நாலு விரலையும் சேர்த்துத் தரையில் வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு அகலம் ஏறக்குறைய 3 அங்குலம் வரும். வீட்டில் ஒரு தடவை ஸ்கேலில் வைத்துப் பார்த்து உங்கள் கையின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தது வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள இடைவெளி. இடைப்புள்ளியில் இதுவும் 3 அங்குலம் இருக்கக் கூடாது, 2.6 அங்குலம்தான். அப்போதுதான் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் நிற்கும். இங்கேயும் நாலு விரல் விட்டுவிட்டால் கோலம் மேலும் கீழுமாக நீண்டு, அறுகோணம் சீர் கெட்டு, ஆறு இதழ்ப் பூவின் இதழ்கள் ஒரே அளவில் இல்லாமல் போய்விடும். எங்கே கோணல் என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று படும்.

புள்ளியை இடது ஓரத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு இடைவெளியில் 2 மில்லிமீட்டர் பிசகினாலும் 14 இடைவெளிக்கு 28 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கு மேல். கட்டத்தின் நடுவைச் சாண் போட்டுக் கண்டுபிடித்து முதல் புள்ளியை அங்கே வையுங்கள். பிறகு வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் ஏழு. பிசகு இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும், கோலமும் நடுவில் நிற்கும். எல்லா வரிசையும் வைத்து முடித்ததும் எழுந்து நின்று சாய்வாகப் பாருங்கள். படுக்கையாக, இடச்சாய்வாக, வலச்சாய்வாக என்று மூன்று திசையிலும் புள்ளிகள் கோடு பிடித்தாற்போல் ஓட வேண்டும். ஒரு வரிசை நகர்ந்திருந்தால் இப்போதே தெரியும். இந்தப் பத்து விநாடியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் அரை மணி நேர உழைப்பை இழக்கிறார்கள்.

இருவராகப் போடும் போட்டி என்றால் புள்ளி முழுவதையும் ஒரே ஆள் வைக்கட்டும். உங்கள் நாலு விரலும் உங்கள் அண்ணியின் நாலு விரலும் ஒரே அகலம் இல்லை.

சிக்குக் கோலப் பிரிவுக்கு வேறு கணக்கு. நேர்ப்புள்ளியில், அதாவது புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வரும்படி, நீள்சதுரமாகப் புள்ளி வைத்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நடுவில் எல்லா இடத்திலும் இழை குறுக்கே வெட்டிப் போகும்படி போட்டால், எத்தனை தனி இழை வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கையின் மீப்பெரு பொதுக் காரணிதான் (இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) விடை. 5-க்கு 4 போட்டால் காரணி 1, ஆகவே கை எடுக்காமல் ஒரே இழையில் முடியும். 6-க்கு 4 என்றால் இரண்டு இழை, 4-க்கு 4 என்றால் நாலு. ஒரே இழைக் கோலத்துக்குத் தனி மதிப்பெண் தரும் நடுவர்கள் உண்டு, அதனால் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள். (சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1970-களிலேயே கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். கோலத்துக்குள் இருக்கும் கணக்கு அவ்வளவு உறுதியானது.) சிக்கில் நடுவர் தேடுவது மூன்று குறைகளை: சுற்றி வளைக்காமல் விட்ட புள்ளி, புள்ளியை உரசும் இழை, எங்கேயாவது முட்டி நிற்கும் முனை. விட்டுப்போவது பெரும்பாலும் மூலைப் புள்ளிதான்.

மாவுக்கு வருவோம். கடைக் கோலமாவு என்பது வெள்ளைக்கல் பொடி. விரலிடுக்கில் தடையில்லாமல் ஓடும். வெறும் அரிசி மாவு பனி ஈரத்தில் கட்டி பிடித்து, இழை விட்டுவிட்டு விழும். இரண்டும் கலக்கலாம் என்றால் மூன்று பங்கு கல்மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு சரியாக இருக்கும். அரிசி மாவு மட்டும் என்று விதி இருந்தால், பச்சரிசியை ஊற வைக்காமல் காய்ச்சலாகவே நறநறவென்று அரைத்து, சலித்து, நைஸான மாவை ஒதுக்கிவிட்டுக் குருணைப் பதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக் கோலத்துக்கு அரைக் கிலோ போதும், கையில் ஒரு கிலோ இருக்கட்டும்.

ரங்கோலிக்குக் கலர் எவ்வளவு? நாலடிக் கட்டம் முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு நிரப்ப ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பொடி வேண்டும். கலர் பொடியை அப்படியே போட்டால் திட்டுத் திட்டாக விழும், அதனால் சலித்த மணலிலோ தூள் உப்பிலோ கலப்பார்கள். உப்பில் நிறம் பளிச்சென்று இருக்கும். ஆனால் விடியற்காலைப் போட்டிக்கு உப்பு வேண்டாம்: பனியை இழுத்துக் கசிந்து, சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிடும். டீ வடிகட்டியில் போட்டுத் தட்டினால் சீராகப் பரவும்.

மண்டபத்துக்குள் நடக்கும் மாக்கோலத்தில் (அரைத்துக் கரைத்த ஈர மாவில் போடுவது) ஒரே ஒரு எச்சரிக்கை. அரைத்த மாவு ஈரமாக இருக்கும்போது இழை மங்கலாகத்தான் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். தெரியவில்லையே என்று மாவைக் கெட்டியாக்கினால் காய்ந்ததும் வெடித்து உரியும். மோர் பதம் போதும். வெள்ளை நன்றாகக் காய்ந்த பிறகே காவி பூசுங்கள், இல்லாவிட்டால் ஓரம் ரோஸ் நிறமாகிவிடும்.

போட்டி இடத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். கட்டத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால் சாக்கடை மூடி, தார் பெயர்ந்த இடம், டூவீலர் நின்று ஆயில் சொட்டிய இடம் மூன்றையும் தவிருங்கள். ஆயிலில் விழுந்த மாவு மஞ்சளாகிவிடும். சீட்டுக் குலுக்கி அந்த இடம்தான் வந்தது என்றால், கறை கட்டத்தின் ஓரத்தில் இருந்தால் செம்மண் பார்டரால் மறைக்கலாம். தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, மினுமினுப்பு அடங்கும்வரை பொறுங்கள். ஈரம் தேங்கியிருந்தால் மாவு கரைந்து இழை பரவும், காய்ந்து கிடந்தால் காற்று தூக்கும். மாலைப் போட்டியில் வெயிலேறிய தார் சாலை தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடும், இரண்டு தடவை தெளிக்க வேண்டியிருக்கும்.

நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: தரைக்கு 5 நிமிடம், புள்ளிக்கு 8, இழைக்கு 22, பார்டருக்கு 5, துப்புரவுக்கு 5. மொட்டைமாடியில் போனில் அலாரம் வைத்து இதே கோலத்தைப் போட்டுப் பழகுங்கள். கட்டத்தைச் சுற்றி நடக்கப் பக்கத்துக் கட்டக்காரர் இடம் தரமாட்டார் என்பதால், முன்பக்கமிருந்து மட்டுமே போட்டுப் பழகுவது முக்கியம். எட்டத்தில் இருப்பதை முதலில் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டே வாருங்கள். துப்பட்டாவையும் முந்தானையையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். இழை கலைவதில் பாதிக்கு மேல் காலால் இல்லை, துணியால்தான். விரல் வியர்த்தால் மாவு ஒட்டி, இழை ஒரு பக்கம் தடித்துவிடும், இடுப்பில் ஒரு காய்ந்த துணி இருக்கட்டும்.

தப்பு விழுந்தால் உள்ளங்கையால் தேய்க்கவே கூடாது. வெள்ளைத் தீற்றல் எந்தத் தண்ணீருக்கும் லேசில் போகாது. காய்ந்த பெயின்ட் பிரஷால் மாவை ஒரு பக்கமாக ஒதுக்கி, காகிதத் துண்டில் அள்ளிவிட்டு, அந்த இடத்தை ஈரத் துணியின் நுனியால் ஒற்றி எடுங்கள். ஒற்றிய இடம் கொஞ்ச நேரம் கறுப்பாகத் தெரியும் என்பதால் கடைசி ஐந்து நிமிடத்தில் இதைச் செய்யாமல் இருப்பது நல்லது.

விசில் அடிக்குமுன் எண் சீட்டைக் கோலத்தின் மேல் விழாமல் ஓரத்தில் கல் வைத்து அமுக்குங்கள். மாவுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் கட்டத்துக்கு வெளியே எடுத்துவிடுங்கள். நடுவர் வந்து நிற்கிற பக்கம் கோலத்தின் முன்பக்கமாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் போட்டியானால், வெயில் சாய்வாக விழும் முன், போனைத் தலைக்கு மேல் தூக்கித் தரைக்கு இணையாகப் பிடித்து, நாலு மூலையும் தெரிய எடுங்கள். சாய்த்துப் பிடித்தால் நீங்கள் பாடுபட்டு வைத்த சம இடைவெளி எல்லாம் படத்தில் தூரப் போகப் போகச் சுருங்கித் தெரியும்.