வேட்டங்குடி: கூடு இங்க, சாப்பாடு எங்க?

காரைக்குடி போறேன்னாலே ஊர்ல எல்லாரும் சொல்றது ரெண்டுதான், பெரிய வீடு பாரு, வயிறு முட்ட சாப்பிடு. நானும் மூணு தடவ அப்படித்தான் போய்ட்டு ஆத்தங்குடி டைல்ஸ் மேல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்தேன். இந்தத் தடவ தை மாசம் அத்தை வீட்டுக்குப் போனப்ப மச்சான்தான் ஆரம்பிச்சான், "மாப்ள, வேட்டங்குடில பறவ வந்திருக்காம், காலைல அஞ்சரைக்கு கிளம்புறோம்"னு. அஞ்சரைக்கு எங்க? ராத்திரி அத்தை போட்ட கவுனி அரிசியும் அரட்டையும் சேர்ந்து நான் எந்திரிச்சதே ஏழரை, பைக்க எடுக்குறப்ப எட்டு தாண்டிருச்சு, திருப்பத்தூர் வரைக்கும் அவன் என்கிட்ட ஒரு வார்த்த பேசல.

திருப்பத்தூர் தாண்டி மேலூர் ரோட்டுல கொஞ்ச தூரம் போனா கொள்ளுக்குடிப்பட்டி. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடின்னு மூணு கண்மாய், மூணும் சேர்ந்ததுதான் பறவைகள் சரணாலயம். 1977ல அறிவிச்சது, மொத்தமே 38.4 ஹெக்டேர். நம்ம கணக்குல சொன்னா கிட்டத்தட்ட 95 ஏக்கர், அம்புட்டுதான். சரணாலயம்னதும் நான் காடு கீடு எதிர்பாத்தேன், பாத்தா கரை, கரைக்கு இந்தப் பக்கம் வீடு, ஆடு, வைக்கோல் படப்பு.

கரை ஏறுனதும் முதல்ல வர்றது கவிச்சி வாடை. அப்புறம் சத்தம். தண்ணிக்குள்ள நிக்கிற நாட்டுக் கருவேல மரம் பூரா எச்சம் விழுந்து சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு, ஒவ்வொரு கிளையிலயும் நாலஞ்சு கூடு. நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம்னு மச்சான் கைய நீட்டி நீட்டி சொல்லிட்டே இருந்தான். ஆனா பாதிக் கூட்டுல குஞ்சு மட்டும்தான் இருந்துச்சு, பெருசுக இல்ல. பக்கத்துல ஆடு மேச்சுட்டு இருந்த பெரியவர்கிட்ட கேட்டா சிரிச்சாரு. "விடியக்கருக்கல்லயே எர தேடிப் போயிருச்சுகளே தம்பி. இங்க அதுகளுக்கு என்ன இருக்கு, இது படுக்குற வீடு. வயலு, அடுத்த கண்மாய்னு எங்கெங்கயோ போய்த்தான் தின்னுட்டு வரும்."

நான் லேட்டா எந்திரிச்சதுல கிடைச்ச ஒரே லாபம் இந்தப் பதில்தான்னு நெனைக்கிறேன். ஏன்னா சீக்கிரம் போயிருந்தா கூட்டம் கூட்டமா பறவையப் பாத்து வாயப் பொளந்துட்டு வந்திருப்பேன், இது தோணியே இருக்காது. 95 ஏக்கரத்தான் சர்க்கார் காப்பாத்துது, பறவைக்குத் தேவை அதச் சுத்தி பல கிலோமீட்டர். அந்தச் சுத்துவட்டாரத்துக்கு போர்டும் இல்ல காவலும் இல்ல.

நத்தைக்குத்தியவே எடுத்துக்கோங்க. ஒண்ணு கரைக்குப் பக்கத்துலயே நின்னுச்சு, நல்லா பாத்தேன். வாய மூடியிருக்கு, ஆனாலும் அலகுக்கு நடுவுல வெளிச்சம் தெரியுற அளவுக்கு சந்து. குஞ்சுல இந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். ஓட்ட உடைக்காம நத்தைச் சதைய மட்டும் உருவித் தின்னும், பிரதான சாப்பாடே நத்தைதான். நத்தை இருக்கணும்னா தேங்குன தண்ணியும் மருந்து அதிகம் அடிக்காத வயலும் வேணும். கண்மாய் நிரம்பணும்னா மேல இருக்குற கண்மாய் நிரம்பி மிச்சத் தண்ணி கலிங்குல வழிஞ்சு வரத்துக்கால்ங்கிற வாய்க்கா வழியா இங்க வரணும், நடுவுல எவனாவது வரத்துக்கால மண்ணடிச்சு மேவி வீடு கட்டிட்டா இங்க எத்தன வேலி போட்டும் பிரயோஜனம் இல்ல.

ஊருக்குள்ள ஒரு அம்மா வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சோம். இந்த ஊர்ல தீவாளிக்கு வெடி போடுறதில்லங்கிறது பேப்பர்ல வருஷா வருஷம் வர்ற செய்திதான், அதுக்காக வனத்துறைக்காரங்க ஊருக்கு இனிப்பு குடுக்குறதும் உண்டு. அந்தம்மாட்ட கேட்டா அவங்க அத ஒரு தியாகமாவே சொல்லல. "பிள்ள பெத்துக்க வந்தவுக வாசல்ல வெடி போடுவாகளா? கல்யாணம், திருவிழா எதுக்கும் போடுறதில்லப்பா. மழ பேஞ்சாத்தான் அதுக வரும், அதுக வந்தா எங்களுக்கும் நல்ல வெள்ளாமைனு அர்த்தம்." பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணி வயலுக்கு உரம் மாதிரியாம், அதையும் சொன்னாங்க. ஊரு அதோட பங்க ஒழுங்காத்தான் செய்யுது, சொல்லப்போனா ஊரு மட்டும்தான் செய்யுது.

திரும்பி வர்றப்ப மச்சான் மெயின் ரோட்ட விட்டு உள்ரோட்டுல வண்டிய விட்டான், கோவம் தணிஞ்சிருச்சு போல, வழியில பணியாரம் கூட வாங்கிக் குடுத்தான். ஓரிடத்துல வயல நெரவி, கலர் கலரா கொடி நட்டு, வெள்ளக் கல்லு ஊனி பிளாட் போட்டிருந்தாங்க. ஓரத்துல பழைய வாய்க்கா மாதிரி ஒரு பள்ளத்துல கணுக்கால் தண்ணி. அதுல ரெண்டு நத்தைக்குத்தி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல மெதுவா நடந்து சேத்தக் குத்திட்டு இருந்துச்சு. நாங்க வண்டிய நிப்பாட்டுனதப் பாத்ததும் கீத்துக் கொட்டாய்ல இருந்து ஒருத்தர் குடையோட ஓடி வந்தாரு.

"வாங்கண்ணே, பிளாட் பாக்க வந்தீங்களா? கார்னர் பிளாட் இன்னும் ரெண்டு இருக்கு."

"இல்லண்ணே, நாரை பாக்க"ன்னான் மச்சான்.

அவரு எங்கள ஒரு மாதிரி பாத்தாரு, பள்ளத்தப் பாத்தாரு. "அதெல்லாம் அடுத்த மாசம் மேவிருவோம்ணே, கவலையே படாதீங்க"ன்னு சொல்லி நோட்டீஸ் ஒண்ண கைல குடுத்துட்டு கொட்டாய்க்குப் போயிட்டாரு.