புது டீச்சரும் நாங்களும்: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. மிஞ்சிய புளியோதரையை டப்பாவில் அடைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனால், எச்.எம். அறை வாசலில் ஒரு பெரிய சூட்கேஸ். பக்கத்தில் ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும். தென்காசிப் பக்கம் ஊராம். ராத்திரி பஸ் ஏறி விழுப்புரம், அங்கிருந்து திருவண்ணாமலை, அப்புறம் எங்கள் டவுன் பஸ். அந்தப் பெண்ணைவிட அப்பாதான் அதிகம் களைத்திருந்தார்.

போன வருடம் ஜூலையில் போட்டித் தேர்வு எழுதியவள். தகுதித் தேர்வு ஒன்று, அதற்கு மேல் இது ஒன்று. இத்தனையும் தாண்டி வந்தவளுக்கு ஆசிரியர் அறையில் நாற்காலி இல்லை. ஐந்து பேருக்கு ஐந்துதான் இருந்தது. மாணவர் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து போட்டோம். முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலியாவது பரவாயில்லை. மதியத்துக்குள் எமிஸ் என்கிற ஆன்லைன் பள்ளித் தகவல் பதிவு, காலை உணவுக் கணக்கு, கலைத் திருவிழாப் பொறுப்பு மூன்றையும் அவள் தலையில் கட்டியாகிவிட்டது. "சின்னப் பொண்ணு, போன்ல எல்லாம் தெரியும்" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

ஆகஸ்ட் 6, புதன்

வீடு தேடி அலைந்தோம். மூன்று இடங்களில் கேட்டோம். ஒருவர்கூட வாடகையைப் பற்றி முதலில் பேசவில்லை. "தனியாவா இருப்பாங்க?" என்றார்கள், அடுத்து "என்ன ஆளுங்க?" டீச்சர் என்றால் இந்த ஊரில் மரியாதை உண்டு. அந்த மரியாதை திண்ணை வரைக்கும்தான்.

கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்தார். அவருடைய மகள் நான்காம் வகுப்பு. "டீச்சர் மேல இருந்தா இவ டிவி பார்க்கமாட்டா" என்று காரணம் சொன்னார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. புது டீச்சரின் அப்பா அன்றே கிளம்பிவிட்டார். பஸ் ஏறும்போது என்னிடம் ஏதோ சொல்ல வந்து, "மழை உண்டுமா இங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

எனக்கு மூன்றாம் வகுப்பு, அவளுக்கு ஒன்றும் இரண்டும். நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு, எல்லாம் கேட்கும். ஒரு பையன் பலகையைத் தடதடவென்று இழுத்திருக்கிறான். "ஏய், பைய வை, பைய வை" என்றாள். அவன் பலகையை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் புத்தகப் பையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். "எல்லாரும் பைய வைக்கணுமா மிஸ்?" என்று இன்னொருத்தி. ஒரு நிமிஷத்தில் முப்பது பைகள் முன்னால் குவிந்துவிட்டன. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஊரில் 'பைய' என்றால் மெதுவாக. இங்கே பை என்றால் பைதான்.

நான் சிரித்துவிட்டேன். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது. மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக் கழுவி, ரொம்ப நேரம்.

2004இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம். முதல் பள்ளி மலையடிவாரத்தில் இருந்தது. கூட இருந்த மூத்தவர் மூன்று மாதம் என்னிடம் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணலாம். "நாங்களும் அப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்பார். இன்று தொட்டிக்குப் பின்னால் போய் அவளிடம் நிற்காமல், எனக்கும் நோட்டுத் திருத்தும் வேலை இருந்தது என்று வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் அவளுக்கு முன்னால் போய், பொறுப்புகளைத் திரும்பப் பிரித்தோம். கலைத் திருவிழாவை அறிவியல் சார் வாங்கிக்கொண்டார், உணவுக் கணக்கு எனக்கு. எமிஸ் மட்டும் அவளிடம், அதுவும் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எச்.எம். சார் தன் அறை நாற்காலி ஒன்றைத் தானே தூக்கி வந்தார். அவர் சும்மா செய்கிறவர் இல்லை. "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல மாத்தி எழுதணும்" என்று முனகிக்கொண்டே வந்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வியாழக்கிழமை கடைசி பீரியட் அவள் என் வகுப்பில் உட்கார வேண்டும், அடுத்த வாரம் நான் அவள் வகுப்பில். கையில் நோட்டு, பேனா கூடாது. இது என் நிபந்தனை. நோட்டோடு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தால் ஆய்வு ஆகிவிடும். ஆய்வு என்றால் எனக்கே இருபது வருடம் கழித்தும் கை வேர்க்கிறது.

எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சியில், பிள்ளைகளின் கற்றலை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகச் சொல்கிறார்கள். பயிற்சிக்குத் தரும் கட்டகப் புத்தகத்தில் அழகாக இருக்கிறது. வகுப்பில், அரும்புக்கு எழுத்து காட்டும்போது மலர் ஜன்னலில் ஏறி நிற்கும். இதை எப்படிச் சமாளிப்பது என்று கட்டகத்தில் இருக்காது. மலர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்த பிறகுதான் அரும்பு பக்கம் போகவேண்டும், போகும்போதும் முதுகைக் காட்டி உட்காரக்கூடாது. இவ்வளவுதான் என் ரகசியம். அவள் பார்த்துவிட்டு, "நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துட்டு இருந்தேன் டீச்சர்" என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாசக் கடைசி. அவளுக்குச் சம்பளம் வராது. சான்றிதழ்களுக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டு எழுதியாகவேண்டும், பணிப்பதிவேடு திறக்கவேண்டும், சி.பி.எஸ். என்கிற பங்களிப்பு ஓய்வூதிய எண் வரவேண்டும். அந்த எண் இல்லாமல் சம்பள பில் போகாது. அடிப்படைச் சம்பளம் 20,600 என்று ஆணையில் இருக்கிறது. இப்போதைக்கு ஆணையில் மட்டும்தான்.

கடன் கொடுத்தால் வாங்கமாட்டாள். கேட்டுப் பார்த்தேன், "அப்பா அனுப்புவாங்க" என்றாள். அப்பா பீடிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். எங்களுக்குள் மாதம் 2,000 ரூபாய்ச் சீட்டு ஓடுகிறது. அதில் அவளை ஆறாவது ஆளாகச் சேர்த்து, முதல் எடுப்பு அவளுக்கு என்று முடிவு செய்தோம். முதல் மாதப் பங்கை நான் போட்டேன். சீட்டுப் பணம் 12,000. அதற்கு யாரும் கூச்சப்படத் தேவையில்லை. கணித மேடம்தான் இந்த யோசனையைச் சொன்னவர். அவர் 2009 ஜூனுக்குப் பிறகு இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து பதவி உயர்வு பெற்றவர். அந்தத் தேதியால், அதற்கு முன்னால் சேர்ந்தவர்களைவிட அடிப்படைச் சம்பளத்தில் 3,170 ரூபாய் குறைந்த கதையை வாரம் ஒருமுறை எங்களுக்குச் சொல்வார். சம்பளம் இல்லாத மாதத்தின் கஷ்டம் யாருக்குத் தெரியுமோ அவர்தான் வழியும் கண்டுபிடிக்கிறார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நேற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர் எல்லாரும் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறவேண்டும், இரண்டு வருடம் கெடு. எச்.எம். சாருக்கு இரண்டு வருடம்தான் பாக்கி, தப்பித்தார். எனக்கு 2037 வரை இருக்கிறது.

ஆசிரியர் அறையில் டீ ஆறிப்போனது. யாரும் பேசவில்லை. இருபத்தொரு வருடமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாரோ கேட்டது போல இருந்தது. விண்ணப்பிக்க ஒரு வாரம்தான் இருந்தது. ஆன்லைன் படிவத்தைப் பார்த்துக் கை நடுங்கியபோது அவள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போட்டோ சைஸ் குறைக்கணும் அக்கா, குடுங்க."

டீச்சர் போய் அக்கா ஆனது இன்றைக்குத்தான்.

செப்டம்பர் 4, வியாழன்

நாளை மீலாது நபி விடுமுறை என்பதால் ஆசிரியர் தினம் இன்றே முடிந்தது. பிள்ளைகள் அவளுக்கும் ஒரு பேனா கொடுத்தார்கள். என்னுடையதைப் போலவே ரோஸ் கலர், எழுதாத பேனா.

செப்டம்பர் 18, வியாழன்

ஒரு பெற்றோர் காலையிலேயே வந்துவிட்டார். அவர் மகளை டீச்சர் "மூதி" என்று திட்டினாராம். "எம் பொண்ணு மூதேவியா? மகாலட்சுமி மாதிரி பொறந்தவ!" வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

திருநெல்வேலிப் பக்கம் அம்மாக்கள் பிள்ளையைக் கொஞ்சும்போதுகூடச் சொல்கிற வார்த்தை. எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. எச்.எம். முன்னால் நாம் எதற்குப் பேசவேண்டும் என்ற பழைய புத்தி. அவள் தனியாக நின்று, "மன்னிச்சிடுங்க, எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தாள். குரல் எழும்பவில்லை.

குழுத் தலைவிதான் உள்ளே வந்தார். காலை உப்புமாக் கரண்டியோடு வந்த சமையல் அக்காவும் கூட. "நீ உன் பொண்ண வீட்ல என்னன்னு கூப்புடுற, நான் சொல்லவா?" என்று அந்த அக்கா கேட்டதும் கூட்டத்தில் சிரிப்பு. சண்டைக்கு வந்த பெற்றோரும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். அந்த வார்த்தை இனி வகுப்பில் வேண்டாம் என்று நானும் அவளிடம் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாசலில் அவள் பக்கத்தில் நின்றிருந்தால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருந்திருக்கும். சாயங்காலம் அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

காலாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வந்துவிட்டாள். வரமாட்டாளோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அல்வா கொண்டுவந்தாள். சி.பி.எஸ். எண்ணும் வந்துவிட்டது, இரண்டு மாத நிலுவையோடு பில் போகிறது.

இன்று அவள் வகுப்பில் உட்காரும் முறை என்னுடையது. சுவரில் ஒரு சார்ட். நடுவில் கோடு, இந்தப் பக்கம் 'நம்ம ஊர்', அந்தப் பக்கம் 'டீச்சர் ஊர்'. துடப்பம் – வாரியல். லுங்கி – சாரம். மெதுவா – பைய. தினம் ஒரு சொல், பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், அவள் தன் ஊர்ச் சொல்லைச் சொல்ல வேண்டும். அரும்பு நிலைப் பையன் ஒருவன், பலகையை இழுத்தானே அவன்தான், "வா...ரி...யல்" என்று விரல் வைத்து எழுத்துக் கூட்டினான். இந்த வயசு மூன்று பிள்ளைகளை இரண்டு வருடமாக நான் ஆ, வா என்று அட்டை காட்டியே உட்கார்ந்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவில்லை.

மூதி மட்டும் பட்டியலில் இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

சாயங்காலம் நாலரைக்கு மேல் அரை மணி நேரம் எனக்கு வகுப்பு. பாடம் நடத்துகிறவள் அவள். தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்வி, ஐந்து பகுதி, பகுதிக்கு முப்பது. கணக்கும் தமிழும் பயமில்லை. குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும்தான் திணறுகிறது. பியாஜே சொன்ன நான்கு நிலைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் மூன்றாவதில் நின்றுவிடுகிறேன். வைகாட்ஸ்கி வந்தபோது, "உதவி இருந்தா எது முடியும், உதவி இல்லாம எது முடியும், நடுவுல இருக்கிறதுதான்கா" என்றாள். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் சிரமம், விஷயம் தெரிந்ததுதான்.

அறிவியல் சாரும் இரண்டாம் தாளுக்கு எங்களோடு வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் ஏதோ ஃபைல் தேடுவது போல வந்தார்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். பிள்ளைகளுக்கு மிட்டாய், எனக்கு வயிற்றில் கலக்கம். நாளை முதல் தாள். ஹால் டிக்கெட்டை இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தாள். கறுப்புப் பந்துமுனைப் பேனா இரண்டு, ஆதார் நகல், எல்லாம் ஒரு கவரில். நான் ஒன்றாம் வகுப்பில் சேரப் போகிறேனோ என்று சந்தேகமாக இருந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள்.

"ஓ.எம்.ஆர். விடைத்தாள்ல அவசரப்படாதீங்க. பைய எழுதுங்க அக்கா."

"பையெல்லாம் உள்ள விடமாட்டாங்கடி."

பஸ் வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தோம். காலை ஏழு மணி பஸ். அலாரம் ஐந்துக்கு வைத்திருக்கிறேன்.