சாகக் கிடக்கும் ஒரு டெராபைட்

12 ஜூன் 2024, புதன்

ஸ்டூடியோ அண்ணாச்சி சிபியுவையே தூக்கிக்கொண்டு என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்துவிட்டார். வைகாசியில் எடுத்த கல்யாணப் படம் முழுக்க அதிலிருக்கும் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்குக்குள். ஆல்பம் டிசைனுக்குப் போகவில்லை. மெமரி கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்தாயிற்று. ஃபோல்டரைத் திறந்தால் சிஸ்டம் உறைந்து நிற்கிறது. காதை வைத்துக் கேட்டால் நடுநடுவே ஒரு 'டிக்'.

கேபிளாக இருக்கட்டும் என்றுதான் ஆசை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் வரி, அதாவது கேபிள் வழியில் வரும் பிழை, பூஜ்யம். ஆசை போயிற்று. 5ஆம் வரியில் 64: கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது தகவல் பதியும் சின்னச் சின்னத் துண்டுகள். 197இல் 336: படிக்க வராமல், இன்னும் முடிவு எடுக்கப்படாமல் நிற்பவை. எட்டால் வகுபடுகிறது பாருங்கள். உள்ளே சுழலும் தட்டில் 4096 பைட்டாக இருக்கும் செக்டாரை வெளியே எட்டு 512ஆகக் காட்டும் டிஸ்க் இது. ஆக 42 இடம்.

"தம்பி, மேல 'பாஸ்'னுல்லா போட்டிருக்கு?" என்றார் அண்ணாச்சி.

அந்த ஒற்றைச் சொல்லை நான் மதிப்பதே இல்லை. தயாரித்தவர் வைத்த வரம்பைத் தாண்டினால்தான் அது மாறும். 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் டிஸ்குகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு செய்தி உண்டு. தன் தட்டைத் தானே சோதிக்கையில் முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு. ஆனால் செத்த டிஸ்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு எண்களும் பூஜ்யமாகவே இருந்தன. எண் ஏறினால் பயப்பட வேண்டும். ஏறாவிட்டால் நிம்மதி அடையக் கூடாது.

மின்சாரத்தை எடுத்துவிட்டு, நாளை வரச் சொன்னேன்.

13 ஜூன், வியாழன்

புது 2 டெராபைட் டிஸ்க் வாங்கிவந்தார். பழைய டிஸ்கை விண்டோஸில் மாட்டவில்லை. அது டிஸ்கைப் பார்த்ததும் சும்மா இருக்காது: சின்னப் படம் தயாரிக்கும், தேடல் பட்டியல் போடும், எழுதவும் செய்யும். தட்டைப் படிக்கும் இந்தத் தலைக்கு இன்னும் எத்தனை வாசிப்பு மிச்சம் என்று யார் கண்டது? இருக்கிற எல்லாம் நகலுக்கே போக வேண்டும். பென்டிரைவில் உபுண்டு இயங்குதளம், டிஸ்க் தானாகத் திறந்து மவுன்ட் ஆவதை நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி.

சாதாரண நகல் கட்டளை கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும், அல்லது அங்கேயே மல்லுக்கட்டும். இது கெட்டதைத் தாண்டி, நல்லதை முதலில் அள்ளிக்கொள்ளும்; எது வந்தது, எது விட்டுப்போனது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். விட்டதைச் சுரண்டுவது கடைசியில்தான். நொடிக்கு 90 மெகாபைட் வாக்கில் ஓடிய வேகம் நடுவில் கிலோபைட்டுக்கு இறங்கியது, பிறகு ஏறியது. டேபிள் ஃபேனை டிஸ்கின் பக்கம் திருப்பி வைத்தேன்.

14 ஜூன், வெள்ளி

மத்தியானம் கரண்ட் போய், பேட்டரியும் இறங்கி, எல்லாம் அணைந்தது. வரைபடக் கோப்பு இருந்ததால் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. பதற்றம் அண்ணாச்சிக்குத்தான்.

அவர் மருமகன் போனில் யோசனை மேல் யோசனை. முதலாவது, ஃப்ரிட்ஜில் வைப்பது. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் பூக்கும். தட்டுக்கும் தலைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியோ சில நானோமீட்டர். இரண்டாவது, செக்டிஸ்க். அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் கருவி. சரிசெய்கிறேன் என்று நோயாளி மேலேயே எழுதும், படிக்க முடியாத பதிவைக் கழித்துக்கட்டும். போட்டே ஆக வேண்டுமென்றால் நகல் மேல் போட்டுக்கொள்ளலாம். இந்த இரண்டு யோசனையும் கொன்ற டிஸ்குகள் என் கடை அலமாரியில் இருக்கின்றன.

மிச்சத்தைப் பின்புறமிருந்து படிக்க விட்டேன். முன்னாலிருந்து வராத சில இடங்கள் அப்படி வந்தன. 197 இரு மடங்காகிவிட்டது. 'டிக்' சத்தம் நெருங்கிவரவே நிறுத்தினேன். வராதது 1.7 மெகாபைட். டெராபைட்டில் இது தூசு, ஆனால் எந்தக் கோப்பின் தூசு என்பதுதானே கேள்வி.

16 ஜூன், ஞாயிறு

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து, அதில் வராத இடங்களை மட்டும் வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு சொல்லால் நிரப்பச் சொன்னேன், டிடிரெஸ்க்யூவே செய்யும். பிறகு அந்தச் சொல் எந்தெந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடினால் போதும். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடிபட்டதில் பெரும்பாலும் பழைய பள்ளி ஆண்டு விழா வீடியோக்கள். ஒரு நொடி கட்டம் கட்டமாகச் சிதறும், பிறகு ஓடும். கல்யாணத்தில் ஐந்து ரா கோப்புகள், அதாவது காமிராவின் பதப்படுத்தாத மூலப் படங்கள். ரா கோப்புக்குள் காமிரா தானே ஒரு ஜேபெக் படத்தையும் பொதிந்து வைத்திருக்கும்; எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் அதை உருவித் தரும். நான்கில் அது முழுசாக இருந்தது. ஐந்தாவது போனது போனதுதான்: பந்தியில் யாரோ பாயசம் வாங்கும் படம்.

"பாயசம்தானே, போகட்டும்" என்று பணத்தை எண்ணிக் கொடுத்தார். பழைய டிஸ்கை ஃபார்மட் பண்ணிப் பாட்டு ஏற்றிக்கொள்ளலாமா என்று அடுத்த கேள்வி. நிலுவையில் நின்ற செக்டார்கள் எழுதும்போது சரியாகியோ மாற்று இடத்துக்குப் போயோ, 197 பூஜ்யமாகக்கூடக் காட்டும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மார்க்கர் பேனாவால் அதன் மேல் 'பாட்டு மட்டும்' என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன். இரண்டாவது நகலுக்கு டிஸ்க் வாங்குவதை அடுத்த மாதம் பார்ப்பாராம்.